லண்டன் நல்ல ஊர் என்று நான் சொன்னது

12 பெப்ரவரி 1967, ஞாயிறு

இன்று பின்னேரம் தங்கை வீட்டில் பொய் சொன்னேன். அவள் மகள் வசந்திக்கு லண்டன் மாப்பிள்ளை பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்திருந்தார். நான் இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு வந்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"எங்கட திருகோணமலையோட பார்த்தால் லண்டன் எப்பிடி, ரீச்சர்?" என்று அவர் கேட்டார்.

"இஞ்ச ஆர் வந்து இறங்கினாலும் ஓர்ஸ் ஹில்லில வாடகைக்கு ஒரு அறை கிடைக்கும். அங்க என்ர நிறத்தைக் கண்டிட்டு ஏழு வீட்டில கதவைச் சாத்தினவை."

தங்கை என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனாள். "கலியாணம் குழப்பவோ அக்கா அங்க போய்ப் படிச்சனீங்கள்? உங்களுக்குத்தான் ஒண்டும் சரிவரேல்லை. பிள்ளையையாவது விடுங்கோ."

அது சுட்டது. தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, அப்போதுதான் உள்ளறையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த வசந்தியின் முன், "சுத்தமான ஊர். பஸ் நேரத்துக்கு வரும். பிள்ளைக்குப் பிடிக்கும்" என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

புறப்படும்போது படலையடியில் வசந்தி என் கையைப் பிடித்தாள். "அம்மா சொன்னதை நான் நம்பேல்லை, பெரியம்மா. நீங்கள் சொன்னபடியால்தான் ஓம் எண்டனான்."

தங்கை மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். நாளை பள்ளிக்கூடம் போகுமுன் வசந்தியிடம் அந்த ஏழு கதவுகளையும் சொல்லிவிடுவேன். எட்டாவதைத் தங்கை சாத்தட்டும்.