ஓர் ஓட்டளவு வெளிச்சம்

1982 ஏப்ரல் 19
இத்தா இருக்கத் தொடங்கி இன்று எழுபது நாள். என் கணவர் றஸாக் காய்ச்சலில் மௌத்தானதிலிருந்து, நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இந்த அறைதான். யன்னல் ஆட்கள் நடக்கும் ஒழுங்கையைப் பார்ப்பதால் எப்போதும் பூட்டு.

எனக்கு வேலை தந்திருக்கும் கடதாசி ஆலையின் ஆய்வுகூடப் பொறுப்பாளர் சிவக்கொழுந்து ஐயா, பழைய நுணுக்குக்காட்டியும் எருக்கலைத் தண்டின் நார் ஊறும் போத்தலும் அனுப்பியிருக்கிறார். பாலைவனத்துச் செடி, நம் கடற்கரை மணலிலும் காடாய் நிற்கிறது. வைக்கோலுடன் சேர்த்துக் கடதாசி செய்யலாமா என்று பார்க்கவேண்டும். முந்நூறு நாரின் சுவர்த் தடிப்பையும் உள்குழியையும் அளக்கவேண்டும். மே 31க்குள் அறிக்கை போகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள்.

ஏப்ரல் 21
விளக்கு வெளிச்சம் போதாது. நாரின் சுவர் எது, உள்குழி எது? எல்லாம் மஞ்சள்.

ஏப்ரல் 24
கட்டிலில் ஏறி, ஒட்டடைக் கம்பால் கூரை ஓடு ஒன்றை நகர்த்திவிட்டேன். பத்து மணிக்கு வெயில் உள்ளே விழுந்தது. வெள்ளைத்தாளை விரித்து, அதில் பட்ட ஒளியை நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியில் பிடித்தேன். முக்கால் மணி நேரம், பன்னிரண்டு நார். சுவர் மெல்லியது, அமுக்கினால் தட்டையாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நல்ல கடதாசி வரும்!

பிறகு வெட்கமாக இருந்தது. துக்கத்துக்கென்று தந்த நாட்களில் நார் எண்ணுகிறேன். றஸாக் கோபிப்பாரா?

மே 9
நூற்றுத் தொண்ணூறு.

மே 10
காலையில் கூரையில் சத்தம். விலகிய ஓட்டைக் கண்டு காக்கா, என் மூத்த சகோதரர், ஏறி, சீமெந்து பூசி அடைத்துவிட்டார். "குரங்கு பாய்ஞ்சிருக்கும் தங்கச்சி. மழ பெய்தா நீ நனைஞ்சிருவாய்," என்றார். பாவம், அன்பாகத்தான் செய்தார்.

இன்னும் நூற்றுப்பத்து கிடக்கு. எங்க வெச்சு அளக்கிற?

மே 13
காக்காவிடம் சொல்லிவிட்டேன், குரங்கல்ல, நான்தான் என்று. "எனக்கு அந்த வெளிச்சம் வேணும் காக்கா. இந்த வேலயும் போனா, இத்தா முடிஞ்சாலும் நான் இந்த அறைக்குள்ளதான்."

எழுந்து போனார்.

மே 14
முகம் கொடுக்கவில்லை.

மே 16
காக்கா கல்முனையில் கண்ணாடி ஓடு வாங்கிவந்து தானே ஏறிப் பதித்தார். "இதால ஆரும் பாக்க ஏலா. மழயும் வராது," என்றார். அழுதேன். இத்தனை நாளும் அப்படி அழவில்லை.

மே 29
முந்நூறு. அறிக்கையைக் காக்காவே பஸ்ஸில் கொண்டுபோனார்.

ஆகஸ்ட் 2
அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள்; இத்தாவும் முடிந்து, இன்று ஆலையில் முதல் நாள். என் மேசைக்குப் பக்கத்தில் பெரிய யன்னல், திறந்தே கிடக்கிறது. நுணுக்குக்காட்டியை வைத்துவிட்டு நான் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தேன்.