ஒரே ஆள், இரண்டு கட்டங்கள்

இல்லை, நீ போட்ட இரண்டு அடையாளங்களில் எதையும் இன்னும் அழிக்கவில்லை. ஒன்றை அழிக்கச் சொல்லி ஆய்வு மேற்பார்வையாளர் இன்று காலை மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார்.

உன் நேர்காணல் தாள்கள் மேசையில் இருக்கின்றன. கோப்பைத் திறந்ததும் தைல வாசனை. தலைவலி என்று நெற்றியில் தடவிய விரலாலேயே எழுதுவாய். அது வெறும் தலைவலி இல்லை என்று தெரிந்தபோது நமக்கு நான்கு மாதங்கள்தான் மிச்சம் இருந்தன.

பதினேழாவது தாள். உன் அம்மா சொன்னது.

அட்டவணையை நாம் சேர்ந்துதான் போட்டோம், பேராதனைப் பல்கலைக்கழக கன்டீனில். எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அயலவர் என்ன செய்தார்? தாக்கினாரா, காப்பாற்றினாரா, பார்த்து நின்றாரா, பறித்துக்கொண்டாரா? ஒருவருக்கு ஒரு கட்டம்.

அதற்கு முன் ஒரு வருடம் முழுக்க வாசித்திருந்தோம். தலைவர்கள் வாக்குக்காக வெறுப்பை வளர்க்கிறார்கள். அவன் முந்திவிடுவான் என்ற அச்சத்தில் இவன் முந்துகிறான். காவல் கண்ணை மூடிக்கொண்டால் கொலை மலிவாகிறது. எதையும் நீ மறுக்கவில்லை. "லொறியில கூட்டமா அடிக்க வந்தவனுக்கு இதெல்லாம் சரிடி. எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு எது சரி, சொல்லு பாப்போம்" என்பாய்.

நாவலப்பிட்டியில் உன் தாத்தாவின் துணிக்கடை. கூட்டம் வந்தபோது பக்கத்து வீட்டுச் சிங்களவர் குடும்பத்தையே தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். சாக்குகள் அடுக்கிய அறையில் பத்து வயதுச் சிறுமியாக உன் அம்மா. வாசலில் நின்று "இங்கே யாரும் இல்லை" என்று அவர் பொய் சொன்னார். பிறகு அகதி முகாம். திரும்பி வந்தபோது கடை முகப்பில் அவருடைய பெயர்ப் பலகை. அது இறங்கவே இல்லை.

ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் அந்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. உன் அம்மா முறுக்கு வைத்து அனுப்புவார். ஒரு சித்திரையில் நான் உங்கள் வீட்டில் இருந்தேன். "இத்தனை வருஷமா கடையத் திருப்பல, தட்ட மட்டும் நாங்க திருப்பணும்" என்று சிரித்தாய். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "வாய மூடிக்கிட்டு முறுக்க எண்ணி வை."

அன்று பின்னேரமே தாளில் இரண்டு கட்டங்களில் அடையாளம் போட்டாய். காப்பாற்றினார். பறித்துக்கொண்டார். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.

இப்போது என் ஆய்வை மேற்பார்வை செய்கிறவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்லவர். "ஒரு ஆளுக்கு ஒரு கட்டம்தான் பிள்ளை. ரெண்டிலயும் போட்டா அட்டவணை நிக்காது. ஒண்டை எடும்" என்றார். எதை எடுப்பது? முதலாவதை எடுத்தால் உன் அம்மா உயிரோடு இருப்பதற்குக் காரணம் இல்லை. இரண்டாவதை எடுத்தால் உன் தாத்தா இன்னொருவர் கடையில் துணி மடித்துச் செத்ததற்குக் காரணம் இல்லை.

நிற்காவிட்டால் நிற்காமல் போகட்டும். அந்த அட்டவணையை விட்டுவிட்டு, அந்த அயலவர் ஒருவருக்காகவே ஒரு பகுதி எழுதினேன். கூட்டத்தை விளக்கும் கோட்பாடு தனி மனிதரிடம் எங்கே நின்றுவிடுகிறது என்று. நிரூபித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறைக்கவில்லை.

உன் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அவரு பேரப் போடாத. அனுப்புறதுக்கு முன்ன எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். அம்மா வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை அழித்துவிடுவதாக எனக்குள் முடிவு செய்தேன். அழிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு.

நீ விட்டுப்போனது என்னிடம் ஒரு கேள்வியாகத்தான் இருக்கிறது. பதில் கிடைக்கும் என்று நம்பி அதைச் சுமக்கவில்லை. சுலபமான பதிலை யாராவது நீட்டும்போது கையை மடக்கிக்கொள்ள அது உதவுகிறது.

மதியம் நாவலப்பிட்டி பஸ் ஏறினேன். உங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். பலகை வரும் இடத்தில் அம்மா அசையவில்லை. மூன்று நாள் ஒளித்துவைத்தார் என்ற இடத்தில்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு இல்லம்மா, நாலு நாள். அவருக்குச் சேர வேண்டியதக் குறைக்காத."

மூன்றை வெட்டி நான்கு என்று எழுதினேன். அங்கிருந்தே மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிட்டேன்.