போனி மூட்டை

மயிலம் முருகன் துணை

விழுப்புரம்
24-10-86

அன்புள்ள வேணிக்கு,

நேற்று நான் கொடுத்த தந்தியைப் பார்த்து நீ ஆடிப்போயிருப்பாய். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சௌக்கியம், அம்மா சௌக்கியம், எங்கள் இரண்டு பேரையும்விட எருமை சௌக்கியம்.

'தினமும் முதல் வரி பொய், எடுத்துவிடு, கடிதம் வருகிறது' என்று நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, தந்தி ஆபீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சார், இது இன்னா விஷயம், போலீசு கீலீசு வராதே என்று கேட்டார். பெண்சாதி அமெரிக்காவில் பொருளாதாரத்தில், வேர்க்கடலை விலையை வைத்து, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள், இது மல்லாட்டை விஷயம் என்றேன். உடனே பென்சிலை எடுத்து வார்த்தைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை விண்ணப்பத்தோடு அனுப்பப்போகிற கட்டுரை திங்கட்கிழமை வந்தது. எடுத்துக்கொண்டுபோய் காலை பாசஞ்சரிலேயே படிக்க ஆரம்பித்தேன். முண்டியம்பாக்கம் வரை நன்றி சொல்லியிருந்த பக்கம். அதில் என் பேரைப் பார்த்துவிட்டு எதிர்சீட்டுக்காரருக்கெல்லாம் காட்டினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் கோழி கிளறின மாதிரி கணக்கு வந்துவிட்டது. அதையெல்லாம் தள்ளிவிட்டு இங்கிலீஷை மட்டும் அகராதி வைத்துப் படித்துக்கொண்டே போனேன். பேரணி ஸ்டேஷனில் பதினாலாம் பக்கம். அங்கேதான் அகராதியை மூடி வைத்தேன்.

எங்கள் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு விடிகாலையில் முதலில் மல்லாட்டை கொண்டுவருகிற விவசாயிக்கு மூட்டைக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு எவ்வளவு சரக்கு வரும் என்று வியாபாரிக்குத் தெரியாததால், முதலில் வந்ததை விடாமல் பிடிக்க ஏற்றிக் கேட்கிறான் என்று காரணமும் சொல்லியிருக்கிறாய். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! உன் பேராசிரியர் 'அழகு' என்று ஓரத்தில் எழுதினதாகச் சொன்னாயே, நியாயம்தான். ஆனால் வேணி, அது போனி மூட்டை.

உனக்காக நான்தானே எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்து நாலு வருஷக் கணக்கையும் கார்பன் வைத்து எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் அன்றைய ஏலத்தின் ஒன்றாம் நம்பர் குவியல் இருக்கும். அந்த நம்பர் முதலில் வந்தவருக்குக் கிடைப்பதில்லை. ராசியான கை யாருடையதோ அவருக்குத்தான் கொடுப்பார்கள். கூட்டேரிப்பட்டு பாஞ்சாலி அக்கா பத்து மணிக்கு வந்து இறங்கினாலும், அவள் வந்த நாளெல்லாம் ஒன்றாம் நம்பர் அவளுக்குத்தான். வியாபாரிகள் முறை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒருத்தர் அந்தக் குவியலை மட்டும் மூட்டைக்குப் பத்து ரூபாய் ஏற்றி எடுப்பார்கள், போனி நன்றாக இருக்க வேண்டுமென்று. அந்தக் கூடுதல் பணத்தை விவசாயி வாங்கிய கையோடு வாசல் பிள்ளையார் உண்டியில் போட்டுவிடுவார். ரிஜிஸ்டரில் ஏறுகிற விலை ஒன்று, வீட்டுக்குப் போகிற பணம் ஒன்று. இரண்டாம் நம்பரிலிருந்துதான் வந்த வரிசை, நிஜ வியாபாரம்.

இதை நீ இருபத்திரண்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்போகிறாய். யாராவது ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்தால் உன் பேர் என்ன ஆகும்? அதனால்தான் தந்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. திங்கட்கிழமை கண்டுபிடித்ததை வியாழக்கிழமைதான் தந்தியடித்தேன். நடுவில் இரண்டு நாள் சும்மா இருந்தேன். இதைச் சொன்னால் கட்டுரை கெடும், கட்டுரை கெட்டால் அங்கே வேலை கிடைக்காது, கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்துவிடுவாய் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் ஒரு சந்தோஷம் வந்தது பார், அதற்குத்தான் பயந்தேன். பெண்சாதியின் நாலு வருஷ உழைப்பு கெடுகிறதென்று சந்தோஷப்படுகிறவன் என்ன மனுஷன்? அந்தச் சந்தோஷத்துக்காக எழுதுகிறேனோ என்று நினைத்து எழுதாமல் இருந்தேன். எழுதாமல் விட்டால் அது அதைவிடப் பெரிய துரோகம் என்று அப்புறம் உறைத்தது. திட்டுவதானால் திட்டு.

தீபாவளிக்கு உனக்கும் ஒரு புடவை எடுத்தாயிற்று, மாம்பழக் கலர். அம்மா பெட்டியில் வைத்திருக்கிறாள்.

உன்
மாசிலாமணி

விழுப்புரம்
22-11-86

அன்புள்ள வேணிக்கு,

உன் கோபம் ஏர்மெயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. கவர் பொசுங்கவில்லை, அதிசயம்தான். 'நாலு வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தீங்க' என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தனை பனியிலும் வளவனூர்ப் பேச்சு உறையாமல் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். 'நல்லா கேட்டா' என்றாள் அவள்.

போனி போனிதானே, அதைப் போய் யார் தனியாகச் சொல்லுவார்கள் என்று இருந்துவிட்டேன், அவ்வளவுதான். நீயும் வளவனூர்க் கடைக்காரர் மகள். காலையில் முதல் ஆள் கேட்ட விலைக்கு உங்கப்பா சரக்கைத் தூக்கிக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். உனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் திருப்பிக் கேட்கலாம். கேட்க மாட்டேன். கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, மன்னித்துவிடு.

முதல் வரிகளை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தால், முந்தி வருகிறவருக்குக் கிடைக்கிற பத்து ரூபாய் ஒன்றரை ரூபாயாகச் சுருங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். திருத்தின கட்டுரையைத்தான் எல்லோருக்கும் அனுப்பினாய் என்று படித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் உன் பேராசிரியர் முகம் வாடிப்போய், நேர்காணலுக்கு இந்த டிசம்பரில் போகாமல் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாராமே. என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய்.

'போ' என்று நேற்றே தந்தி அடித்துவிட்டேன். அதே தந்தி ஆபீஸ்காரர்தான். மல்லாட்டை எப்படி சார் இருக்குது என்று விசாரித்தார். இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க என்னால் முடியாது, வேணி. உன் நல்லதுக்குச் சொல்கிறேன் என்று பொய் சொல்லவில்லை, என்னால் முடியாததால் சொல்கிறேன். ஒன்றரை ரூபாய் நிஜமான ஒன்றரை ரூபாய்தானே? அதை வைத்துக்கொண்டு போ.

இதே வழக்கம் விழுப்புரம் கமிட்டியிலும் உண்டா என்று கேட்டிருந்தாய். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அங்கே போனி ஏற்றுவது கிடையாது, வந்த வரிசைப்படிதான் நம்பர். அங்கே குமாஸ்தாவாக இருக்கும் இருதயராஜ் செக்ரட்டரியிடம் அனுமதி வாங்கித் தந்தார். மூன்று நாள் அவர் படிக்கப் படிக்க நான் எழுதினேன். கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகுகிற நேரம் அது. விலையைக்கூட ராகத்தோடுதான் படித்தார், நானூற்று இருபத்திரண்டு என்பதை நாலு சங்கதி போட்டு. அறுபது நாள் கணக்கு, ரிஜிஸ்டர் தபாலில் தனியாக வருகிறது. இந்தத் தடவை ஒவ்வொரு தாளின் அடியிலும் என்னென்ன வழக்கம் உண்டு என்று எழுதியிருக்கிறேன். அமாவாசையன்று கூட்டம் குறைவு, மழை பெய்தால் ஈரத்துக்கு விலை தள்ளுவார்கள், தராசுக்காரர் மாமியார் இறந்த அன்று மத்தியானமே மூடிவிட்டார்கள் என்பதுவரை உண்டு. இனிமேல் வாயில் கொழுக்கட்டை என்று யாரும் சொல்ல முடியாது.

எல்லாப் பல்கலைக்கழகத்தாரும் ஒரே ஊரில் கூடுவார்கள், நேர்காணல் ஓட்டல் அறையில் நடக்கும், பேராசிரியர்கள் கட்டிலில்கூட உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதினாயே, அதை அம்மாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. 'பொம்பளப் புள்ளைய ஓட்டல் ரூமுல வச்சா கேள்வி கேக்கறானுங்க, இன்னாடா படிப்பு இது' என்று ஒரே கூச்சல். நாலைந்து பேர் சேர்ந்துதான் இருப்பார்கள், அரைமணி நேரம்தான், பிடித்திருந்தால் அப்புறம் அவர்கள் ஊருக்கே அழைத்துச் சாப்பாடு போட்டு, எல்லோருக்கும் காட்டி முடிவு செய்வார்கள் என்று விளக்கினேன். 'அப்போ பொண்ணு பாக்கற மாதிரின்னு சொல்லு' என்றாள். இப்போது அவள் கவலையெல்லாம் சொஜ்ஜி யார் கொடுப்பார்கள் என்பதுதான்.

கஷ்டமான கேள்வியாகக் கேட்டு எழுதுங்கள், பழகிக்கொள்கிறேன் என்றாய். எங்கள் வியாபாரி அரங்கநாதனிடம் உன் கட்டுரையைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி இது: 'உங்க வீட்டம்மா சொல்றாப்பல நாங்க அம்மாம் யோசனை பண்ணி வாங்கறவங்கன்னா, போன வருஷம் எனக்கு ஏன் நஷ்டம்?' இதற்குப் பதில் தயார் செய்துகொள். மற்றவர்கள் இதைவிடக் கடினமாகக் கேட்டுவிட முடியாது.

பயப்படாமல் போ. மெதுவாகப் பேசு. பொய் ஒன்றும் கையில் இல்லை என்கிற தைரியத்தோடு உட்கார்.

உன்
மாசிலாமணி

விழுப்புரம்
19-1-87

அன்புள்ள வேணிக்கு,

நீ இரண்டாம் தேதி எழுதினது போகிக்கு மறுநாள் வந்தது. பொங்கலோடு அதையும் கொண்டாடினோம். ஏழு அறை ஏறி இறங்கினாயாமே! மூன்றாவது அறையில் தாடிக்காரப் பேராசிரியர் திண்டிவனத்தின் முதல் குவியலையெல்லாம் ஏன் எடுத்துவிட்டாய் என்று மடக்க, என் வீட்டுக்காரர் தந்தி கொடுத்தார் என்று நீ சொன்னாயாமே! அரைமணி நேரமும் போனி பற்றியே கேட்டார்கள் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஞ்சாலி அக்காவிடம், உன் பேர் இப்போது அமெரிக்காவில் தெரியும் என்று சொன்னேன். 'அதுக்கு அவங்க ஏதாச்சும் குடுப்பாங்களா' என்று கேட்டாள்.

விழுப்புரம் கணக்கிலும் அதே ஒன்றரை ரூபாய் வந்ததைக் காட்டினபோதுதான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று எழுதியிருந்தாய். இருதயராஜிடம் சொன்னேன். அவர் அதற்கும் ஒரு பாட்டுப் பாடினார்.

இரண்டு பல்கலைக்கழகத்தார் பிப்ரவரியில் தங்கள் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தியைத் தெருவில் சொல்லாத வீடு பாக்கியில்லை. இப்போது நான் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை நம் வீட்டு விலாசத்துக்கு உன் பேரில் ஒரு நீளக் கவர் வந்தது. புதுச்சேரியில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து. போன வருஷம் நீ விண்ணப்பம் போட்டதை நான் மறந்தே போயிருந்தேன். பொருளாதாரத் துறை விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணலாம், பிப்ரவரி பன்னிரண்டு. நீ அங்கே முதல் ஊருக்குப் போகவேண்டியது பத்தாம் தேதி. இரண்டுக்கும் ஒருத்தி போக முடியாது.

கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை இரண்டு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மத்தியானமே உனக்குத் தந்தி அடித்தேன், கவரில் வந்த அசல் தாள் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. இப்போது நேராகவே சொல்கிறேன். நீ வந்துவிட வேண்டுமென்று எனக்கு ஆசை. நாலு வருஷமாக ஒற்றைத் தலையணையோடு படுத்துக்கொண்டு, நீ என்ன சாப்பிட்டாயோ என்று பன்னிரண்டு நாள் கழித்துத் தெரிந்துகொள்கிற பிழைப்பு எனக்கு அலுத்துவிட்டது. எழுதிவிட்டேன். ஆனால் அது என் ஆசை. உன் படிப்பு உன்னுடையது. அந்தத் தாடிக்காரரைப்போல உன்னை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ, அதை நீதான் பார்க்க வேண்டும்.

உங்களுக்காக இங்கே வந்தேன் என்றோ, உங்களுக்காக அங்கே விட்டேன் என்றோ ஒரு நாளும் எனக்கு எழுதாதே. அதை நான் தாங்கமாட்டேன். ஐம்பது வயதில் சண்டை வரும்போது நீ அதை எடுத்துப் போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா!

சனிக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்தேன். அவர்களிடமே கோட்டு இருந்தது, தோளில் பெரியது, மாட்டிவிட்டார்கள். சிரிக்காதீங்க சார், பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னான். நாளைக்கு மெட்ராஸ் போய் மனு கொடுக்கிறேன். அம்மாவிடம் சொல்லியாயிற்று. என் அக்கா வந்து துணைக்கு இருப்பாள், எருமையை விற்கக் கூடாது, கேப்பை மாவு ஐந்து படி கட்டிக்கொண்டுதான் போகவேண்டும், இவ்வளவுதான் அம்மா பக்கத்து நிபந்தனை.

ஆகையால் உன் பதிலில் விளக்கம் ஒன்றும் வேண்டாம். ஊர்ப்பேரை மட்டும் எழுது. புதுச்சேரி என்றால் வளவனூர் பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்தில் வருவேன். வேறு ஊர் என்றால் கொஞ்சம் நாளாகும். வாசற்கதவை மட்டும் தாழ்ப்பாள் போடாமல் வை, வேணி.

எங்கே போனாலும் முருகன் உன் கூட இருக்கட்டும்.

உன்
மாசிலாமணி