தசமிக்கு முன்னால் லே போய்ச் சேர வேண்டும்

அன்புள்ள மகன் ராஜ்குமாருக்கு,

மஞ்சக்குட்டையிலிருந்து அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம், இருமல்கூட இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நீயும் சிவசக்தியும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே பேசுகிறாய், அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

லடாக் போக நாங்கள் போட்ட டிக்கெட்டை நீ கேன்சல் செய்தது எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நானும் சாந்தாமேரியும் கம்பளி சாக்ஸ் வாங்க சேலம் போனவர்கள், அப்படியே உன் சிநேகிதன் கமலக்கண்ணனின் டிராவல்ஸ் ஆபீசில் எட்டிப் பார்த்தோம். அவன் எழுந்து நின்று, "ஏனுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதுங்களா, ராஜு போன வாரமே ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணச் சொல்லிட்டானுங்களே" என்றான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் சமையல் வேலை பார்த்த ஸ்கூலிலேயே முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் சாந்தாமேரி, அவள் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்ய உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அதே நாளுக்கு மறுபடியும் ரெண்டு டிக்கெட் போடச் சொன்னேன். "ராஜு என்னைத் திட்டுவானுங்கம்மா" என்று இழுத்தான். "திட்டுனா திட்டட்டும் சாமி, நீ போடு" என்றேன். இந்த முறை என் பேரில், என் நம்பரில். இனிமேல் கேன்சல் செய்ய வேண்டுமென்றால் ஓ.டி.பி. எனக்குத்தான் வரும்.

கோயில் பார்க்கணும்னா பழனி இல்லையா, பாஷை தெரியாத ஊரில் புத்தர் திருவிழா எதற்கு என்று கேட்டாயே, அதற்குப் பதில் எழுதுகிறேன். நீ அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். எங்கள் ஸ்கூலில் படித்த லடாக் பெண் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை வந்து, அவள் அம்மா ஆங்மோ லேயிலிருந்து ஓடி வந்தாள். மலர்க் கண்காட்சி சமயம், ஏற்காட்டில் ஒரு லாட்ஜிலும் ரூம் இல்லை. மழையில் நனைந்து கேட் பக்கத்தில் நின்றவளை நம் ஊட்டுக்குக் கூட்டி வந்தேன். பதினெட்டு நாள் நம்மோடு கஞ்சி குடித்தாள். பெண் பிழைத்து எழுந்த அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், சாந்தாமேரிதான் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னாள், எங்கள் ஹெமிஸ் மடத்துத் திருவிழாவுக்கு நீ வரணும் என்கிறாள் என்று. வருகிறேன் என்று தலையாட்டினேன். அடுத்த வருஷம் உன் பரீட்சை, அப்புறம் அப்பாவுக்கு முடியாமல் போனது, அப்புறம் உன் கல்யாணம், பாப்பா பிரசவம். ஒவ்வொரு ஆனி மாசமும் ஆங்மோ போன் செய்வாள், சாந்தாமேரியை விட்டுப் பேசச் சொல்லி நான் அடுத்த வருஷம் என்பேன். இந்த முறை அவள் சொல்லிவிட்டாள், எனக்கு முட்டி போய்விட்டது, இந்த வருஷம் மடத்துப் படி ஏறுவேன், அடுத்த வருஷம் தெரியாது என்று. இதற்கு மேலும் நான் தட்டிக்கழித்தால் மனுஷியா?

அப்பா மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ. அவ்வளவு உயர மலையில் காற்று கம்மி என்கிற உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை கண்ணு. அதனால்தான் சேலத்தில் பெரிய டாக்டரிடம் இருதயம், நுரையீரல் எல்லாம் காட்டிவிட்டேன். "நொம்ப நல்லா இருக்குதுங்க, ஆனா போய் இறங்குனதும் ரெண்டு நாள் படுத்தே கெடக்கோணும்" என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அங்கே திதி பார்த்துத்தான் திருவிழா, வளர்பிறை தசமியில் ஆரம்பம். நம் காலண்டரில் பார்த்து ஆங்மோவிடமும் கேட்டு, நாலு நாள் முன்னாலேயே லே போய்ச் சேருகிற மாதிரிதான் டிக்கெட். திருவிழாவில் முகமூடி கட்டி ஆடுகிறவர்களில் ஆங்மோவின் தம்பியும் ஒருவராம், அவர் அங்கே பிக்கு. புத்தர் கோயிலுக்கு நீ போகலாமா என்று சாந்தாமேரியிடம் சர்ச்சில் யாரோ வாயைக் கொடுத்திருக்கிறார்கள், அவளோ நான் சிநேகிதி ஊட்டுக்குப் போறேன், பாதர்கிட்டயும் சொல்லியாச்சு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நம் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காதாம். ஆங்மோ நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், சாயங்காலம் கூப்பிடு, காலையிலும் மதியமும் கூப்பிட்டு அவளைத் தொந்தரவு செய்யாதே. பாப்பாவுக்குத் தயிர் கொடுப்பதை நிறுத்தாதே, சிவசக்தியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நிறைவாக இருங்கள். இதற்குப் பதில் எழுதுவதானால், பத்திரமாகப் போய்விட்டு வா என்று எழுது. போகாதே என்று எழுதினால் அதை வாங்க ஆள் இருக்காது, ஊடு பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. ஜெயகுமாரி