எட்டுக் குரலில் மூச்சில்லாத ஒன்று

என் கமலியக்கா,

நீ கிடைத்துவிட்டாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ கண்ணை மூடியபிறகு உன் படங்கள் இருந்தன, புடவைகள் இருந்தன, குரல் மட்டும் இல்லை. நீ பாடியது ஒரே ஒரு வங்காள இசைத்தட்டு. அதிலும் பின்பாட்டுப் பாடிய எட்டுப் பெண்களில் ஒருத்தி. உங்கள் பாலிகஞ்ச் வீட்டு ரேடியோகிராமில் அதைப் போட்டபோது, எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே குழப்பமாகக் கேட்டது நினைவிருக்கிறதா?

"இந்தக் கூட்டத்துல உன்னை எங்கே தேடறது? கையைத் தூக்கு, பாப்போம்" என்றார் அத்தான். நீயும் சிரித்தாய். பிறகு சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "ஸ்டுடியோவுல ரெண்டு பெரிய ஸ்பீக்கர் இருக்கு விசாலம். அதுல கேட்டா நான் தனியாத் தெரியறேன்."

அந்த இரண்டும் இப்போது டாக்குரியாவில், என் வீட்டில், ஃபிரிட்ஜுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிற்கின்றன.

ஸ்டுடியோவில் பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன். மாடிப்படிக்கு அடியில், ஈரச் சுவரை ஒட்டி நின்றன. என் தோள் உயரம். ஒன்றுக்குள் எலி குடித்தனம். காகிதக் கூம்புகளின் விளிம்பு பூசணம் பிடித்துக் கிழிந்திருந்தது. விலை பேசக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

தள்ளுவண்டியிலிருந்து இறக்கும்போது அத்தான் வந்து சேர்ந்தார். "பீரோ வாங்கினியா? கதவைக் காணோமே" என்றார். எதற்காக வாங்கினேன் என்று சொன்னதும் ஒரு பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

அந்த நாளில் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்த நிதாய்தா இப்போது பெஹாலாவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறார். ஞாயிறுதோறும் வந்தார். கிழிந்த விளிம்புக்கு மெல்லிய துணி வெட்டி ஒட்டினார், உளுத்துப்போன ஒயர்களை மாற்றினார். மரத்தைத் தேய்த்து பாலிஷ் போட்டது நான். ஒரு நாள் உன் பெயரைச் சொன்னேன். பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"விடியக்காலையில மாப்பிள்ளை கேட்ட மதராஸி தீதியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீ அந்தப் பாட்டைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பாடினாயே. அதில் விடியலுக்கு உள்ள வங்காளச் சொல்லை 'போர்' என்று எழுதியிருந்தாய். அந்த 'ப'வோடு ஒரு மூச்சும் வெளியே வரவேண்டும். வராவிட்டால் வங்காளிகள் காதில் அது 'மாப்பிள்ளை' என்ற சொல்லாக விழும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப' தானே. ஏழு பேர் விடியலை அழைக்க, நீ மட்டும் மாப்பிள்ளையை அழைத்தாய். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள்.

"சின்ன ரேடியோவுல யாருக்கும் தெரியாதுன்னு விட்டுட்டேன்" என்றார் நிதாய்தா.

அப்படியானால் உன்னைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ரிப்பேர் முடிந்து முதல் தடவை உன் இசைத்தட்டைப் போட்டபோது மனசு விட்டுப்போயிற்று. பாட்டு ஓரிடத்தில் நிற்காமல் அறை முழுக்க அலைந்தது. கனமே இல்லை. எட்டுப் பேரும் ஏதோ கிணற்றடியில் நின்று பாடுவதுபோல இருந்தது. நிதாய்தா அன்று வரவில்லை. பக்கத்துக் கடை போனில் பிடித்தேன். "டார்ச் பேட்டரியை ரெண்டு ஒயர்லயும் வெச்சு எடுங்க தீதி. கூம்பு எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க" என்றார்.

திரும்பி வந்தால் லோட்ஷெடிங். பேட்டரிக்கு மின்சாரம் எதற்கு? ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டி மூச்சை வெளியே விட்டது. மற்றது உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. ஒரு பெட்டியில் ஒயர்களை இடம் மாற்றி முடுக்கியது நானேதான் அக்கா, இந்த இரண்டு கைகளால்.

மின்சாரம் வந்தபோது அத்தானும் வந்திருந்தார். ஊசியை வைத்தேன். எட்டுப் பெண்களும் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, சுவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். விடியல் வந்தது. ஏழு பேரின் மூச்சு சுவரில் பட்டது. அதற்கு ஒரு மயிரிழை முன்னால், மூச்சே இல்லாமல், உருண்டையாக, நம் வீட்டுப் 'ப' ஒன்று விழுந்தது.

நீதான். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "கையைத் தூக்கிட்டா" என்றார். பிறகு, "மறுபடி போடு விசாலம்."

பதினோரு முறை போட்டோம். எதிர்வீட்டு மாஷிமா கதவைத் தட்டினார், சத்தம் என்று சொல்லத்தான். அவரையும் உட்காரவைத்துக் கேட்கவைத்தேன். "ஒருத்தி தப்பாப் பாடறாளே" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு உனக்கு எவர் தந்திருக்கிறார்கள், சொல்.

இசைத்தட்டின் உறையில் 'குழுவினர்' என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். நாளைக் காலை அதன் பக்கத்தில் உன் பெயரை மையால் எழுதப்போகிறேன், தமிழில். இனி இந்தப் பெட்டிகளில் பூசணம் ஏற விடமாட்டேன். கேட்க வருகிறவர் எவரானாலும் உன்னைக் காட்டாமல் அனுப்பவும் மாட்டேன்.

உன் 'ப'வைத் திருத்த யாரையும் விடாத,
உன் தங்கை விசாலம்