குறைத்து எழுதிய ஆறு வயது

அனுப்புநர்:
எ. கோவிந்தப்பன்,
த/பெ. எல்லப்பன்,
பேக்கிங் செக்‌ஷன் ஹெல்பர்,
ஜூஜுவாடி, ஓசூர் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் பரிசோதனை முகாம் பிரிவு,
ஓசூர்.

பொருள்: மார்பகப் பரிசோதனை முகாமில் என் மகள் திருப்பி அனுப்பப்பட்டது – எந்த வயதில் தொடங்குவது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், கணக்கில் தவறியவன். அந்தக் கணக்கறிவோடு நான் செய்த காரியத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். புகார் பிறகு வருகிறது.

2. 1985இல் இங்கே பல்பு கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். இருபத்தெட்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்றார்கள். என் மனைவி செல்வம்மாளுக்கு முப்பத்தொன்று. களை வெட்டிக்கொண்டிருந்தவளிடம் பள்ளிச் சான்றா இருக்கும்? படிவத்தில் நானே வயது எழுதினேன். அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு வயது குறைந்தது. மூன்று குறைத்தால் போதும். நான் தாராளமாக ஆறு குறைத்து இருபத்தைந்து என்று போட்டேன். அதுவே அவளுடைய மருத்துவக் கார்டிலும் ஏறியது.

3. 1995இல் தங்கள் முகாம் நடந்தது. நாற்பது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று போர்டு. அவளுக்கு நாற்பத்தொன்று, கார்டில் முப்பத்தைந்து. மேசையில் இருந்தவர், "அஞ்சு வருஷம் கழிச்சி வாம்மா" என்றார். "கார்டுல இருக்கறது பொய்யிங்க, எனக்கு நாப்பத்தொண்ணு" என்றாள். "அப்ப வேலையும் பொய் சொல்லித்தான் வாங்கினியா? கம்பெனிக்கு எழுதட்டுமா?" என்று கேட்டார். பின்னால் நின்ற நான், "வாமே, வேலை போயிரும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அதே கார்டில் அடுத்த வரியில், மகள் சாந்தம்மா, வயது இருபத்து நான்கு என்று இருந்தது. அதாவது பதினோரு வயதில் பிள்ளை பெற்றவள் என் மனைவி. எழுதின எனக்கு அது உறைக்கவில்லை. வாசித்து விரட்டிய படித்தவருக்கும் உறைக்கவில்லை. மறு வருட முகாமுக்கு அவள் போகவே இல்லை.

4. 1997 தை மாதம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி அவள் கையில் தட்டுப்பட்டது. பெங்களூரில் காட்டியபோது அக்குள் வரை பரவியிருந்தது. கார்த்திகையில் இறந்துபோனாள். "ரெண்டு வருஷம் முந்தி பார்த்திருந்தா" என்று ஆரம்பித்த பெங்களூர் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு கன்னடத்தில் ஒன்று சொன்னார். தாய்க்கு எந்த வயதில் வந்ததோ, அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே மகளை வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டுமாம்.

5. இந்த மாதம் எட்டாம் தேதி முகாமுக்கு நூல் மில்லில் வேலை செய்யும் சாந்தம்மாவை அழைத்துப் போனேன். வயது இருபத்தேழு. அதே போர்டு, அதே மேசை. தாய்க்கு வந்த நோயைச் சொன்னேன். "நாப்பதுக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்குது, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார்கள். என்ன அவசரம் என்று சொல்ல வேண்டியவள் இன்று உயிரோடு இல்லை, ஐயா.

6. ஆகவே, தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்தவர்கள் எந்த வயதில் தொடங்கலாம், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரலாம் என்பதையும் அந்தப் போர்டில் எழுதி வைக்க வேண்டுகிறேன். வயதில் பொய் சொன்னதாக ஒருத்தி ஒப்புக்கொண்டால், கம்பெனிக்கு எழுதுவோம் என்று மிரட்டாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டுகிறேன். எங்கள் தெருவில் அப்படி இன்னும் பலர் இருக்கிறார்கள்.

7. நோய் தெரிந்தபோது என் மனைவிக்கு உண்மையில் நாற்பத்து மூன்று. அப்படியானால் என் மகள் முப்பத்து மூன்றில்தான் வர வேண்டும். கார்டின்படி முப்பத்தேழு. அப்படியானால் இருபத்தேழில், அதாவது இப்போதே. தாயைத் திருப்பி அனுப்பியபோது கார்டைத்தான் நம்பினீர்கள். மகளுக்கும் அதையே நம்பும்படி கேட்கிறேன். நான் குறைத்த ஆறு வருடம் தாய்க்கு எதிராகப் போயிற்று. மகளுக்காவது அது உதவட்டும்.

பொய் எழுதியதற்கு எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் என் மகளைப் பார்த்துவிடுங்கள்.

இடம்: ஜூஜுவாடி
நாள்: 16.3.1998

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
எ. கோவிந்தப்பன்

இணைப்பு:
(1) செல்வம்மாளின் மருத்துவக் கார்டு நகல்.
(2) இறப்புச் சான்றிதழ் நகல். கார்டைப் பார்த்து எழுதியது. இதிலும் வயது முப்பத்தேழுதான்.