வெளியேறிய நேரம்

மாமி போன கிழமை தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். குறிப்புப் புத்தகத்தைக் கண்டியிலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். "பூரா ஒங்க பேருதான் தம்பி, நீங்களே வச்சிக்குங்க" என்றார். பிரித்ததும் உங்கள் அலுமாரியின் பூச்சி உருண்டை வாசனை வந்தது, மாமா.

அடிமட்டம் வைத்துக் கீறிய நான்கு நிரல்கள்: திகதி, உள்ளே வந்த நேரம், வந்த காரணம், வெளியேறிய நேரம். பல்லேகல தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்த நீங்கள், ஓய்வுபெற்ற பின் உங்கள் கணினிக்கும் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். வருகையாளர் நான் ஒருவன்தான்.

கனடாவிலிருக்கும் மகளை நீங்கள் ஞாயிறுதோறும் பார்த்தது அந்தக் கணினியில்தான். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எதையெதையோ அழுத்தி அந்த வழியை அடைத்துக்கொண்டீர்கள். கொழும்பிலிருந்தே இணையம் வழியாக உங்கள் கணினிக்கு உள்ளே வந்து திருத்த நான் ஏற்பாடு செய்தேன். முதலில் பாதுகாப்பைப் பற்றி ஒரு பிரசங்கம். திரையில் வரும் எண்ணை எவருக்கும் சொல்லக் கூடாது. நீங்கள் அனுமதி கொடுக்காமல் எவரும் நுழைய முடியாது.

"சரி மாமா, இப்ப அந்த எண்ணச் சொல்லுங்க."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீதானே தம்பி இப்ப சொன்ன?"

என் சொல்லை முழுமையாகக் கேட்ட ஒரே மனிதர் நீங்கள். அதைத் தாங்க எனக்குப் பழக்கமில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்ததும் நீங்கள்தான்: "நீ போன வை. ஒன் நம்பருக்கு நானே எடுக்கிறேன். அப்பதான் நீதான்னு தெரியும்." படித்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் பாடம் அது.

நிரந்தரக் கடவுச்சொல் வைத்தால் உங்களைத் தொந்தரவு செய்யாமல் வந்து போகலாம் என்றேன். "ஆள் இல்லாத நேரம் ஸ்டோர்ஸ் தொறக்கிறதில்ல" என்றீர்கள். நான் வரும்போதெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். திரையில் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்து மாமி வருந்துவார்: "புள்ள உள்ளுக்கு வந்திருக்கு, ஒரு தேத்தண்ணி குடுக்க வழியில்லையே."

ஒருநாள் வங்கி அதிகாரி என்று எவனோ பேசி எண்ணைக் கேட்டிருக்கிறான். நீங்கள் அவனிடம் கேட் பாஸ் கேட்டிருக்கிறீர்கள். பதிவேட்டில் அதுவும் இருக்கிறது: 'பெயர் தெரியாதவர். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்.'

வேலை முடிந்ததும் நான் "போயிட்டு வாறேன் மாமா" என்று சொல்ல வேண்டும். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்து எழுதிய பிறகே தொடர்பைத் துண்டிக்கலாம். கதிரையை விட்டு எழும்பாமலே விடைபெறுகிறவன் இலங்கையில் நான் மட்டும்தான் என்று கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

பதிவேட்டின் கடைசி வரியில் காரணம்: 'மகளின் குரல் கேட்கவில்லை.' அதைச் சரிசெய்தேன். அந்த நேரம் அலுவலகக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சொல்லாமல் துண்டித்துவிட்டேன், பிறகு போன் எடுத்துச் சொல்லலாம் என்று. நான்காம் நாள் மாமிதான் போன் எடுத்தார், நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்ல.

அந்த வரியில் மட்டும் நான்காவது நிரல் வெறுமை. உத்தேசமாக ஒரு நேரம் போட்டிருக்கலாம். கண்ணால் காணாததை நீங்கள் எழுதுவதில்லை. மாமியிடம் கேட்டேன். "பேனாவ வச்சிக்கிட்டே இருந்தாரு தம்பி. சொல்லாமப் போற புள்ள இல்ல, உள்ளதான் இருக்கும்னாரு."

இப்போது எவருடைய கணினியிலிருந்து விலகினாலும் "போயிட்டு வாறேன்" என்கிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். நேற்று அந்த நிரலை நிரப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆள் இல்லாத நேரம் ஸ்டோர்ஸ் புத்தகத்தில் கை வைக்கலாமா? மூடி வைத்துவிட்டேன். உங்கள் பதிவேட்டின்படி நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், மாமா.